அத்தையின் கையும் நாற்பது மாத்திரையும்

“அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்று என் மாமியார் அடிக்கடி சொல்லுவார். யாரையோ சொல்கிறார் என்று இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கே பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, ஓர் எலும்பு முறிவும் ஆறு நாள் ஆஸ்பத்திரி வாசமும் வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும் சகோதரிகளில் ஒருவராவது எழுந்துபோய் வீட்டிலுள்ள மருந்து டப்பாவை ஒரு முறை திறந்து பார்த்தால் எனக்கு அது போதும்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் முற்றம் வைத்த ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர். அந்த முற்றத்துக்கு வெயில் வந்தால் அத்தைக்கு வேலை வந்தது என்று அர்த்தம். மாசி, பங்குனியில் வடாம். சித்திரையில் மோர் மிளகாய், மணத்தக்காளி வத்தல். பிறகு புளி, உளுந்து, அவித்த நெல். உச்சி வெயிலில் தலையில் ஒரு ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு காக்காய் விரட்டிக்கொண்டு நிற்பார். “உள்ள வாங்க அத்தை, தலை காய்ஞ்சு போகும்” என்றால், “நான் காய்ஞ்சாத்தான்டி வத்தல் காயும்” என்பார்.

2017-ல் மாமனார் தவறிப்போனார். தனியாக விட மனமில்லாமல் அத்தையைத் திருச்சிக்கு அழைத்து வந்துவிட்டோம். அடுக்குமாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. வரவேற்பறை ஜன்னலுக்குக் கண்ணாடி. பால்கனிக்கும் தூசி வராமல் கண்ணாடி அடைப்பு. மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அங்கே பெரும்பாலும் பூட்டுத்தான் தொங்கும். அப்பளம், வடாம் எல்லாம் கடையில் வாங்கினோம். “உங்களுக்கு இனிமே ஓய்வு அத்தை” என்று பெருமையோடு சொன்னவள் நான்தான். ஆறு வருஷம் அவர் வெயிலைக் கண்ணால் பார்த்தாரே தவிர, உடம்பில் வாங்கவில்லை. அது ஒரு குறை என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

2023-ஆம் வருஷம் ஆனி மாதம். வேலைக்காரம்மா நடையைத் துடைத்துவிட்டுப் போன ஈரம் காயவில்லை. பூஜைக்குப் பூ எடுக்கப் போன அத்தை வழுக்கி, வலது பக்கமாக விழுந்தார். பெரிய விழுகை என்று சொல்ல முடியாது. சிறு பிள்ளை விழுந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். அவருக்கோ தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேல் கை எலும்பு இரண்டாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 74.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் வேண்டாம்மா. இந்த எலும்பு கட்டுலயே கூடும். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும், பொறுமையா இருங்க” என்றார். இரண்டு வாரம் மாவுக்கட்டு, பிறகு கையை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, கழுத்திலிருந்து கைக்கு ஒரு தூளி. அத்தை ஒரு நாள்கூட முனகவில்லை. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டார்.

இதற்கு நடுவில்தான் ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். வீட்டுக்கு ஒரே பேத்தி. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அதுக்குள்ள கை சரியாயிடும்ல? ஒரு பிடி அட்சதையை நானே தூக்கிப் போடணும்மா” என்றார். “அதென்ன அத்தை, இன்னும் அஞ்சு மாசம் இருக்கே” என்று நான் சொன்னேன். அந்த வார்த்தை என் மனசில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

பத்தாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு அப்படியே இருந்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவே கறுப்புக் கோடு. “எலும்பு கூட ஆரம்பிச்சா, இந்த இடத்துல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒரு மூட்டம் தெரியணும். இன்னும் தெரியல” என்றார் டாக்டர். இப்படியே போனால் தகடு வைத்து ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம் என்றும் சொன்னார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிறகு அவர், “அம்மா வெயில்ல போறது உண்டா?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. முறிந்த கைக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தப் பரிசோதனையில் விளங்கியது. வைட்டமின் டி, ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறார்கள். அத்தைக்கு இருந்தது 7.

டாக்டர் அன்று கூட்டமில்லாததால் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். அதுதான் முதல் படி. இரண்டு மூன்று வாரத்தில் அந்த ரத்தக் கட்டின் இடத்தில் மெத்தென்று ஒரு குருத்து வளர்ந்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். கிராமத்தில் மண் சுவர் வைக்கும்போது முதலில் மூங்கில் தட்டி கட்டுவார்களே, அதைப் போல. பிறகு அந்தத் தட்டியில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் படிந்து படிந்து கெட்டிப்படும். அப்போதுதான் எக்ஸ்ரேயில் வெள்ளை தெரியும். கடைசியாக, மேடு பள்ளமான பூச்சைக் கொத்தனார் தேய்த்து மட்டம் பண்ணுவதுபோல உடம்பே அந்த எலும்பைச் சீர் செய்யும். அதற்கு மாதக் கணக்கு. சில பேருக்கு வருஷக் கணக்கும் ஆகும்.

“இதுல வைட்டமின் டிக்கு என்ன வேலை டாக்டர்? அதுதான் ஒட்டுற பசையா?” என்று கேட்டேன்.

“பசை இல்லம்மா. அது சுண்ணாம்பு ஏத்திட்டு வர்ற வண்டி. நீங்க எவ்வளவு பால், கேழ்வரகு கொடுத்தாலும், அதிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சணும்ல? வைட்டமின் டி சரியா இருந்தா 100-க்கு 30, 40 பங்கு உறிஞ்சும். இல்லாட்டி 10, 15 பங்குதான். மிச்சமெல்லாம் வெளியே போயிடும்.”

அதோடு போகவில்லை. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இதயமும் நரம்பும் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் கழுத்தில் தைராய்டை ஒட்டி இருக்கும் நாலு குட்டிச் சுரப்பிகள் விழித்துக்கொண்டு, இருக்கிற எலும்புகளிலிருந்தே சுண்ணாம்பைச் சுரண்டி ரத்தத்துக்கு அனுப்புமாம். வீட்டுச் சுவரை இடித்து அடுப்புக்குக் கல் வைக்கிற கதை! அத்தை சாதாரணமாக விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அதனால மட்டுமே கூடலைன்னு நான் சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, சத்துக் குறைவு இருக்கு, எலும்பு அடர்த்தியும் குறைஞ்சிருக்கலாம். ஆனா குறை தெரிஞ்ச பிறகு நிரப்பாம விடக்கூடாது” என்று சொல்லி, மருந்துச் சீட்டு எழுதினார். 60,000 யூனிட் வைட்டமின் டி, வாரம் ஒன்று, எட்டு வாரம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம் ஒன்று. சாப்பாட்டில் பருப்பு, பால், பயறு கூட்டச் சொன்னார். தட்டி கட்ட மூங்கில் வேண்டுமல்லவா, அதற்குப் புரதம். எட்டு வாரம் முடிந்ததும் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தது அதைத்தான்.

எங்கள் வீட்டில் புலால் கிடையாது. வைட்டமின் டி மத்தி மாதிரி எண்ணெய் மீன்களிலும், கொஞ்சம் முட்டையின் மஞ்சள் கருவிலும் உண்டு. சைவச் சமையலில், சத்துச் சேர்த்து விற்கிற பாலும் எண்ணெயும் தவிர, அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். கேழ்வரகு உசத்திதான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் அதை உள்ளே சேர்க்கும் வண்டி அதில் இல்லை. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு வெயில்தான் கதி.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? காலை ஏழு மணிக்கு அத்தையைக் கண்ணாடி அடைத்த பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இளம் வெயில் உடம்புக்கு நல்லது என்றுதானே கேட்டிருக்கிறோம்! இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது சிரித்துவிட்டார். தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர். கண்ணாடி அதைத் தடுத்துவிடும். சூடும் வெளிச்சமும்தான் உள்ளே வரும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் வெளியே நின்றால்கூட அந்தக் கதிர் வெகு சொற்பம். “உங்க நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையா இருக்கணும்மா. அப்பதான் பிரயோஜனம்” என்றார். திருப்பதியில் செய்த ஆராய்ச்சியிலும், பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை உள்ள வெயிலில்தான் இது நன்றாக உண்டாகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம்மைப் போல் கறுத்த தோலுக்குச் சிவப்புத் தோலைவிட அதிக நேரம் வேண்டும். வயதானால் தோலின் சக்தியும் குறையும். அதாவது, அத்தை முற்றத்தில் வத்தல் காயவைத்த அதே உச்சி வேளை!

இது இன்று நேற்றுக் கண்ட விஷயம் இல்லை. முதல் உலக யுத்தம் முடிந்ததும் வியன்னா நகரத்தில் குழந்தைகள் கால் வளைந்து, எலும்பு மெலிந்து கிடந்தார்கள். இங்கிலாந்திலிருந்து போன ஹாரியட் சிக் என்ற விஞ்ஞானியும் அவருடன் உழைத்த பெண்களும், மீன் எண்ணெயாலும் அந்த நோய் குணமாகும், வெயிலாலும் குணமாகும் என்று 1922-க்குள் நிரூபித்தார்கள். மீன் எண்ணெயில் இருந்த அந்தச் சத்துக்கு, ஏ, பி, சி ஏற்கனவே இருந்ததால், டி என்று பெயர் வைத்தார் அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம். நம் நாட்டிலேயே காஷ்மீரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த காத்லீன் வான் என்ற லேடி டாக்டர், 1928-ல் ஒரு புத்தகம் எழுதினார். கோஷா முறையில் வெளிச்சம் படாமல் வீட்டுக்குள்ளேயே அடைபட்ட பெண்களுக்கு எலும்பு மெதுவாகி, இடுப்பெலும்பு கோணி, பிரசவமே கண்டமாகப் போவதைப் பார்த்து, வெளிச்சம் இல்லாததுதான் காரணம் என்று சொன்னார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் அத்தைக்குத் திரை எதுவும் போடவில்லை; அன்போடு கண்ணாடிதான் போட்டோம். பலன் என்னவோ ஒன்றுதான்.

மருந்துக்கு வருகிறேன். எட்டு வாரமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொடுத்தேன். ஐப்பசிக் கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில், முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக மூட்டம் தெரிந்தது. அத்தை அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இட்லி மாவு பொங்கின மாதிரில்ல இருக்கு” என்று சிரித்தார். “நல்லா வருது. இன்னும் ரெண்டு மாசம். ரத்தம் பார்த்துட்டு வாங்க, மருந்தை எப்படித் தொடரணும்னு சொல்றேன்” என்றார் டாக்டர்.

இரண்டு மாசம்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழிக் கடைசி ஆகிவிடும். அதற்கு மேல் தோள் இறுக்கம் விட்டு, கையைத் தூக்கப் பழகி... கல்யாணத்துக்குள் ஆகுமா? பத்திரிகை அடிக்கிற வேலை, புடவை எடுக்கிற வேலை என்று அலைந்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டேன். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள், “வாரத்துக்கு ஒண்ணு கொடுத்ததுக்கே இவ்வளவு பலன்னா, தினம் ஒண்ணு கொடுங்களேன், சடக்குனு கூடிடும். வைட்டமின்தானே, என்ன செய்யப்போகுது?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பழைய சீட்டைக் காட்டினேன். மருந்துக் கடையில் கேட்டது கிடைத்தது. கார்த்திகை பிறப்பதற்கு முன்னாலேயே தினம் காலைச் சிற்றுண்டியோடு ஒன்று கொடுக்க ஆரம்பித்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து அத்தை சாப்பாட்டைக் குறைத்தார். வயிறு போகவில்லை என்றார். தாகம் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். இரவில் ஐந்தாறு முறை எழுந்தார். சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்தேன். காலையில் எழுந்ததும் வாந்தி. பலவீனம் என்று நினைத்துக் கேழ்வரகுக் கஞ்சியையும் பாலையும் கூட்டினேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் நிறுத்தவில்லை. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்த புதிது. விடிகாலை நான் கோலம் போட எழுந்தபோது, அத்தை கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார். “நெல்லு நனையுதும்மா. எடுத்து உள்ள வை, மழை வருது” என்றார். வெளியே மழையும் இல்லை, முற்றமும் இல்லை. என்னை யாரென்று அவருக்குத் தெரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கோலப் பொடியைக் கீழே போட்டுவிட்டுக் கணவரை எழுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் பக்கவாதமோ என்று பார்த்தார்கள். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சாதாரணமாக 8.5-லிருந்து 10.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும். அத்தைக்கு 13-ஐத் தாண்டியிருந்தது. ஓர் இளம் லேடி டாக்டர் என்னிடம் வந்து, “என்னென்ன மருந்து சாப்பிடறாங்கம்மா?” என்று கேட்டார்.

“வைட்டமின்தான் டாக்டர்.”

“60,000-மா? எத்தனை நாளைக்கு ஒண்ணு?”

என் வாயில் வார்த்தை வரவில்லை. கணவர் என் முகத்தையே பார்த்தார். “தினம்” என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு, “நாற்பது நாளா” என்றேன்.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. அப்படியானால் ஒரு 60,000 மாத்திரை நூறு நாளைய தேவை. குறைபாடு உள்ளவர்களுக்கு அதை வாரம் ஒன்றாகச் சில வாரம் கொடுப்பது, காலியான குதிரை நிரப்ப. நாற்பது மாத்திரை என்றால் நாலாயிரம் நாள். கிட்டத்தட்டப் பதினோரு வருஷத்து வைட்டமினை நாற்பது நாளில் ஒரு கிழவியின் உடம்புக்குள் அனுப்பியிருக்கிறேன்!

பி, சி போன்ற வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். இது அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கிவிடும். மிஞ்சினால் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பை ரத்தத்துக்கு இழுத்து வரும். எலும்புக்குப் பூசக் கூப்பிட்ட வண்டி, அளவு மீறினால் எலும்பிலிருந்தே எடுக்கவும் செய்யும். வாந்தி, மலச்சிக்கல், தாகம், புத்தி தடுமாற்றம் எல்லாம் அதனால்தான். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையே பாதிக்கும். நல்லவேளையாக அத்தைக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. சலைன் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள், சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வைட்டமினையும் அடியோடு நிறுத்தினார்கள். நான்காம் நாள் அத்தை கண்ணைத் திறந்து, “வீட்டுல விளக்கு ஏத்தினியா?” என்று கேட்டபோது, நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன்.

எதிர் வீட்டு அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது வாய்ப்பேச்சு. செய்தது என் கை. அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சிகளே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி. ஒரு பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெறும் மாத்திரை. 2010-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகமாக எலும்பு முறிந்தது. அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வந்தது. குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காத சாதாரண ஜனங்களுக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்ததில், எலும்பு முறிவு ஒன்றும் குறையவில்லை. முறிந்த எலும்பு விஷயமும் இப்படித்தான்: குறை இருந்தால் நிரப்ப வேண்டும். நிரம்பியவர்களுக்கு மேலும் ஊற்றினால் சீக்கிரம் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பானை நிறைந்த பிறகு ஊற்றும் தண்ணீர் தரையைத்தான் ஈரமாக்கும். அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தது எங்கள் வீடு.

வீட்டுக்கு வந்த அன்று இரவு அத்தையின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “உன் மக கல்யாணத்துக்குத்தானேம்மா அவசரப்பட்ட. விடு. ஆனா ஒண்ணு. வத்தல் காய ஏழு வெயில் வேணும்னா ஏழு வெயில்தான். ஏழு வெயிலையும் ஒரே நாள்ல அடிக்கச் சொன்னா, வத்தல் காயாது, கருகும்.”

தை மாத ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. அத்தனை களேபரத்துக்கும் நடுவில் அது தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஆனால் ஆறு மாதம் அசையாமல் இருந்த தோள் இறுகிப் போயிருந்தது. பயிற்சி சொல்லித் தந்தார்கள். முகூர்த்தத்துக்கு இருந்ததோ மூன்று வாரம். கல்யாணத்தன்று கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதை தூவினார்கள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கைப்பிடியில் அரிசியை வைத்துக்கொண்டு, இடது கையால் அந்த முழங்கையைத் தாங்கித் தூக்கப் பார்த்தார். என் மகள் அதைப் பார்த்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து, மாப்பிள்ளையோடு பாட்டியின் முன்னால் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள். அட்சதை விழுந்தது. “பாத்தியா, எட்டிடுச்சு” என்றார் அத்தை என்னைப் பார்த்து.

இப்போது தோள் நன்றாக வருகிறது; தலை வாரிக்கொள்கிறார். வைட்டமின் அளவு இறங்குவதற்கே பல மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் அளவுதான், சொல்லும் நாள்தான். மருந்துப் பெட்டியின் மேல் ‘வாரம் ஒன்று’, ‘தினம் ஒன்று’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுகிறேன். வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதைக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே குறித்து வைக்கிறேன். யாராவது வீட்டில் கீழே விழுந்து எலும்பு முறிந்தால், ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விடாமல், வைட்டமின் டியும் எலும்பு அடர்த்தியும் பார்க்கவேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். குறை என்றால் நிரப்புங்கள். நிரம்பியதா என்று மறுபடி பார்க்கத் தவறாதீர்கள். சீட்டில் எழுதிய நாள் முடிந்தால் மருந்தும் முடிந்தது என்று அர்த்தம்.

குடியிருப்பில் பேசி மொட்டை மாடிச் சாவி ஒன்றை வாங்கிவிட்டேன். 2025 பங்குனியில் எட்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் வடாம் பிழிந்தோம். வெயிலில் ஒரு சௌகரியம்: அளவுக்கு மேல் உண்டானதைத் தோலே அழித்துவிடுமாம், மிஞ்சிப்போகாது. ஆனாலும் வயதானவர்களை வெயிலில் நெடுநேரம் விடக்கூடாது, மயக்கம் வரும். கால் மணி, அரை மணி போதும். கத்திரி வெயிலில் அதுவும் வேண்டாம். பதினோரு மணிக்கு அத்தை குச்சியோடு நின்றார். நான் அவர் காலடியைப் பார்த்தேன். நிழல் குட்டையாக இருந்தது.

“அங்க என்னடி பாக்குற? காக்காயைப் பாரு” என்றார் அத்தை.